ஊதாக் கழுத்துத் தீபாவளி

கோதுமை மாவில் காய்ச்சிய பசைக்கு முதல் நாள் ரொட்டி வாசம் இருக்கும். இரண்டாம் நாள் எந்த வாசமும் இருக்காது. மூன்றாம் நாளோ நனைந்த நாயைச் சாக்குக்குள் கட்டி வைத்ததுபோல ஒரு புளித்த நெடி கிளம்பும். எனக்குப் பதின்மூன்று வயதான அந்த ஐப்பசி மாதம் முழுவதும் என் விரல்களில் இருந்தது அந்த மூன்றாம் நாள் நெடிதான். சோற்றுத் தட்டோடு நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கைய எங்கடி விட்டு எடுத்துட்டு வந்த?" என்று கேட்பாள். அவளுக்காகச் செய்கிற பொருளின் வாசம் அது என்பதை அவளிடமே எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடத்தை எங்கள் பக்கத்தில் 'புள்ளக் காம்பரா' என்பார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த மேரி அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டில்கள் சும்மா கிடப்பதைப் பார்த்த அவர், அந்த இடத்தில் பதினொரு பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஒரு 'சிறுமியர் கழகம்' தொடங்கினார்.

தொடங்குவது லேசாக இருக்கவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், "பொம்பளப் புள்ளைகளுக்குக் கழகம் எதுக்கு? இன்னைக்குக் கழகம்பாளுக, நாளைக்கு வேலை நிறுத்தம்பாளுக" என்று கவலைப்பட்டார், வருடத்துக்கு நான்கு முறை வேலை நிறுத்தம் அறிவிப்பவர் அவர்தான். கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த துரை, அதாவது தோட்ட முகாமையாளர், ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்தார். கழகத்தால் வேலைக்கு ஏதாவது இடைஞ்சல் வந்தால் அன்றைக்கே பூட்டு.

அந்தப் பூட்டுக்கு நாங்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு விறகு, தண்ணீர், துவைக்கிற துணி, இடுப்பிலிருந்து இறங்காத தங்கச்சி என்று நான்கும் சேர்ந்து வந்து நிற்கிற நாள். கழகம் வந்தபிறகுதான் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்களை யாருமே கூப்பிடாத மூன்று மணி நேரம் உலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம்.

ஒரு ஞாயிறு மேரி அக்கா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் பார்த்தார். "நீங்க பதினொரு பேரும் இந்தத் தொட்டில நனைச்சுத்தான் வளந்தீங்க. ஒங்க அம்மாமாரு மழையில நின்னு கொழுந்து எடுத்ததாலதான் வளந்தீங்க. அவங்களுக்கு எப்பவாச்சும் எதையாச்சும் திருப்பிக் குடுத்திருக்கீங்களா?" என்றார். சாந்தி மட்டும் கையைத் தூக்கி, "நான் எங்கம்மாவுக்குச் சளி குடுத்திருக்கேன் அக்கா" என்றாள்.

அப்படித்தான் தீபாவளிக்கு அம்மாமார் எல்லாருக்கும் மாலை செய்து போடுவது என்று முடிவாயிற்று. எங்கள் அம்மாமாரில் பலருக்குக் கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. மேரி அக்கா பண்டாரவளைக்குப் போய் ஒருநாள் கைவினைப் பயிற்சியில் உட்கார்ந்து காகித மணி செய்யக் கற்றுவந்திருந்தார். காகிதத்தை நீள முக்கோணமாக வெட்டி, பசை தடவி, ஈர்க்கில் சுற்றிச் சுருட்டி, காய்ந்ததும் உருவி எடுத்தால் நடுவில் பருத்து இருபக்கமும் ஒடுங்கிய அழகான மணி கிடைக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தை விட்டுவிட்டு ஓடிவந்ததை மட்டும் அவர் எங்களிடம் சொல்லவில்லை.

காகிதத்துக்கு அலைந்தோம். பழைய பத்திரிகை, சங்கத்துத் துண்டுப் பிரசுரம், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் மணியாயின. என் பங்குக்கு நான் கொண்டுபோனது இரண்டாம் தவணைக் கணக்குப் பரீட்சைத் தாள். அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவரும்படி தந்த தாள் அது. நூற்றுக்குப் பதினெட்டு. ஒரு தாள் உலகத்திலிருந்து காணாமல் போவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று எனக்குத் தோன்றியது. அதை இருபத்தாறு துண்டாக வெட்டி, இருபத்தாறு மணியாகச் சுருட்டி, அம்மாவின் மாலையிலேயே நானே கோத்தேன்.

நிறத்துக்குச் சாயம் வாங்கப் பெரகல சந்திக்குப் போனோம். கடைக்காரரான முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "மகள், இது ஊதா. உடுப்புக் கிழிஞ்சாலும் நெறம் போகாது" என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் உடுப்பைப் பற்றித்தான் சொன்னார், காகிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அம்மாமாரைப் புள்ளக் காம்பராவுக்கு அழைத்து, வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கழுத்திலும் மாலையைப் போட்டோம். அவர்கள் வெட்கப்பட்டார்கள், ஒருவர் கழுத்தை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். சாந்தியின் அம்மா, "எங் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பெருசா யாரும் போடல" என்று சொல்லிவிட்டு அழுதார். அன்று சாயங்காலம் என் அம்மா பானைத் தண்ணீரில் முகத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

தீபாவளிக்குப் போடத்தான் கொடுத்தோம். அவர்களோ மறுநாள் காலையே அதைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போய்விட்டார்கள். பதினொரு பேர், பதினொரு ஊதா மாலை. மலைக்கு ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. மாலை நனையாமலிருக்க அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கணக்கப்பிள்ளை கூடையைப் பார்த்தார், பிறகு என் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். காதுக்குக் கீழிருந்து நெஞ்சுவரை ஊதா. அடுத்த பெண்ணுக்கும் ஊதா. அதற்கடுத்தவருக்கும். மருந்து தெளித்த மலையில் நின்றதால் விஷம் ஏறிவிட்டதென்று அவர் நினைத்தார். "எல்லாரும் கூடைய எறக்குங்க! யாரும் ஓடாதீங்க, ஓடுனா வெசம் தலைக்கு ஏறும்!" என்று கத்திக்கொண்டு அவரே முதலில் ஓடினார்.

அந்தக் குழப்பத்தில் பதினொரு பெண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். மாலைகளைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டார்கள்.

நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது லயமே காலியாக இருந்தது. டிஸ்பென்சரிக்கு ஓடினோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாங்குப் பலகைகளில் எங்கள் அம்மாமார் வரிசையாக, ஊதாக் கழுத்தோடு, ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல அமைதியாக இருந்தார்கள். தோட்டத்து டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு கழுத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோகுதோ?"

"இல்லீங்க."

"கடிக்குதோ? சொறியுதோ? மூச்சு எடுக்கக் கஷ்டமோ?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப என்னெண்டு இப்பிடி வந்தது?"

பதினொரு பேரும் கூரையைப் பார்த்தார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்த சாந்தியின் அம்மா, "லேசா மயக்கமா இருக்குங்க" என்றார். அவரைத் தனியாக விட மனமில்லாத பக்கத்துப் பெண், "எனக்குந்தாங்க" என்றார். ஒரு நிமிடத்துக்குள் பதினொரு பேருக்கும் மயக்கம். டாக்டர் ஐயாவின் முகம் வெளுத்தது. "லொறியை எடுக்கச் சொல்லுங்கோ. எல்லாரையும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேணும்" என்றார்.

வாசலில் லொறி வந்து நின்றது. அதன் பின்னால் துரையின் ஜீப்பும் வந்து நின்றது. மேரி அக்கா கைக்குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். என் அம்மா எழுந்து லொறியை நோக்கி நடக்கத் தொடங்கினாள். ஊசி என்றால் பத்துமைல் ஓடுகிற பெண் அவள். அவள் காலை எடுத்து லொறிப் படியில் வைத்ததைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே ஓடினேன்.

"சாயம் ஐயா! வெசம் இல்ல, சாயம்! நாங்கதான் மாலை செஞ்சு குடுத்தோம்!"

டாக்டர் ஐயா வாசலில் நின்ற அம்மாவை உள்ளே கூப்பிட்டார். அம்மா படங்குக்குள்ளிருந்து மெதுவாக மாலையை எடுத்து நீட்டினாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் உடனே தள்ளிப் பிடித்தார். "மேல வார்னிஷ் பூசேல்லையோ?" என்றார். சுவரோரத்திலிருந்து மேரி அக்கா நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

ஊறிப்போன மணி ஒன்று அவர் விரலில் தானாகவே பிரிந்தது. உள்மடிப்பில் சாயம் இறங்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி, மருந்துச் சீட்டு வாசிக்கிற அதே குரலில் அவர் வாசித்தார்:

"கணக்கு. பதினெட்டு. ஆரின்ரை பிள்ளை இது?"

விஷம், மயக்கம், லொறி எதற்கும் அசையாத என் அம்மா அப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நானே லொறியில் ஏறிப் பதுளைக்குப் போயிருப்பேன்.

துரை அப்போதுதான் ஜீப்பை விட்டு இறங்கி உள்ளே வந்தார். டாக்டர் ஐயா மாலையைத் தன் மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டு ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். எனக்குப் பிடிபட்டவை 'கோல்ட்', 'ரெஸ்ட்' என்ற இரண்டு சொற்கள்தான். இந்த மலைக் குளிருக்குப் புதியவரான துரை தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்தபடி தலையாட்டினார். மறுநாளிலிருந்து அவர் கழுத்துத்துணி இல்லாமல் வெளியே வரவில்லை. அம்மாமாருக்கு அரைநாள் ஓய்வு கிடைத்தது. அவர்கள் ஞாபகத்தில் முதல் முறையாகத் திங்கட்கிழமை மத்தியானம் தூங்கினார்கள். கழகத்துக்குப் பூட்டு விழவில்லை. எனக்குத்தான் விழுந்தது, முதுகில்.

நானா சொன்ன சாயம் தோலில் சத்தியத்தைக் காப்பாற்றியது. சவர்க்காரம், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய் எதற்கும் அது மசியவில்லை. தீபாவளியன்று புதுச்சேலை கட்டிய பதினொரு ஊதாக் கழுத்துகள் கோயிலில் வரிசையாக நின்றன. திருநீறு கொடுத்துக்கொண்டே வந்த பூசாரி ஏழாவது கழுத்தில் கொஞ்சம் நின்று, சிவனே என்று அடுத்ததற்குப் போனார்.

இப்போது நான் பதுளையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. போன ஆண்டு தோட்டத்துக்குப் போனேன். பழைய புள்ளக் காம்பராவில் உர மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். டிஸ்பென்சரிக் கதவில் கொடி ஏறியிருக்கிறது. பதினொரு பேரில் சாந்தி மட்டும் அங்கே இருக்கிறாள். மற்றவர்கள் கொழும்பிலும் குவைத்திலும். பெரகல சந்தியில் கொத்துக் கொத்தாகப் பிளாஸ்டிக் மாலைகள் தொங்குகின்றன. பசை காய்ச்ச யாருக்கும் அவசியம் இல்லை. அந்தப் பதினொரு அம்மாமாரில் நான்கு பேர் இப்போது இல்லை.

என் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். திரும்பி வந்த அன்று அவளிடம் கேட்டேன்: "ஆஸ்பத்திரிக்கு லொறியே வந்துருச்சு. சாயம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?"

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"சொன்னா கழகத்தப் பூட்டிருப்பாங்க. அப்புறம் ஞாயித்துக்கெழம பூரா நீ வீட்ல இருந்துருப்ப" என்றாள். "அந்த மூணு மணி நேரந்தாண்டி எங்களுக்கும் நிம்மதி."