நியூட்ரலில் விட்டுப் போன கார்

மலேசியாவில், கிள்ளானில் என் வொர்க்‌ஷாப் வாசலில் நின்ற ஒரு ஆட்டோ கியர் கார், ஓட்ட ஆளில்லாமல் பின்னால் உருள ஆரம்பித்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பக்கத்து சீட்டில் ஒரு பெண். நிறைமாதம். பின்னால் துறைமுக லோரிகள் ஓடும் பெரிய ரோடு. எத்தனையோ வருடமாகக் கார்களுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். அன்றைக்குப் பயந்ததுபோல் என்றுமே பயந்ததில்லை.

கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவு லாக். கண்ணாடியைத் தட்டினேன். அந்தப் பெண்ணுக்குக் கார் ஓட்டத் தெரியாது. புருஷன் நிறுத்தும்போது கியரை P-யில், அதாவது பார்க்கிங்கில், தள்ளுவதைப் பார்த்திருப்பாள்போல. அதையே செய்தாள். கடகடவென்று சத்தம். உருளும் காரை P நிறுத்தாது. கியர்பாக்ஸுக்குள் இருப்பது விரல் பருமனில் ஒரு இரும்புக் கொக்கி, அவ்வளவுதான்.

“கியர விடும்மா! ஹேண்ட்பிரேக்! பக்கத்துல இருக்கு பாரு, அத தூக்கு! ரெண்டு கையாலயும் தூக்கு!”

தூக்கினாள். பின்சக்கரங்கள் ரோட்டில் இறங்கியபிறகு கார் நின்றது. ஒரு லோரி ஹார்னை அலறவிட்டு, ஒதுங்கி உரசாமல் போனது. அந்தக் காற்றில் என் சட்டை படபடத்தது. கதவைத் திற என்றால் அவளுக்கு ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுக்கத் தைரியமில்லை. கெஞ்சித்தான் திறக்க வைத்தேன். காரை நான் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன்.

புருஷன் சேகர் அப்போதுதான் ஐஸ் போட்ட டீ, தே ஆய்ஸ் பொட்டலங்களோடு வந்தான்.

“என்ன அண்ணே, காடிய எடுத்தீங்களா?”

“நான் எங்கடா எடுத்தேன்? அதுவா ரோட்டுக்குப் போச்சு. ஹேண்ட்பிரேக் போட்டியா?”

“இல்லண்ணே. முன்னால இருக்கிற காடி வெளிய வரணும்னா நீங்க இத தள்ளிக்குவீங்கன்னு நியூட்ரல்ல விட்டேன். எங்க ஃப்ளாட்ல எல்லாரும் அப்படித்தான்லா. ஹேண்ட்பிரேக் போட்டா ஏசுவானுங்க.”

“ஏசட்டுமே! உள்ள பொண்டாட்டிய உக்கார வச்சிட்டு, ஊரான் தள்ளுறதுக்கு வசதி பண்ணிட்டுப் போறியா?”

அவன் ரோட்டைப் பார்த்தான். அப்போது இன்னொரு லோரி போனது. பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

சேகர் மட்டுமில்லை, உங்களில் பலரும் இப்படித்தான். ஃப்ளாட்டில் இடமில்லை, அடுத்தவன் காருக்குக் குறுக்கே நிறுத்துகிறீர்கள், தள்ளட்டும் என்று நியூட்ரலில் விடுகிறீர்கள். மரியாதையாம்! சமமாகத் தெரியும் தரையெல்லாம் சமமில்லை. என் வாசலும் அப்படித்தான். அன்றைக்கு அவள் தண்ணீர் போத்தல் எடுக்கப் பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள். கார் உருள அந்த ஆட்டமே போதுமாக இருந்தது.

நிறுத்தும்போது கால் பிரேக்கை மிதித்தபடி N-க்கு, அதாவது நியூட்ரலுக்கு, மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். காலை மெல்ல எடுத்து, கார் நகரவில்லை என்று பாருங்கள். மறுபடி மிதித்து P-யில் போடுங்கள். காரின் பாரத்தை ஹேண்ட்பிரேக் தாங்கட்டும், அந்தக் கொக்கி தாங்க வேண்டாம். இன்ஜினை அணைக்காமல் இறங்காதீர்கள்.

சில மாதம் கழித்து சேகர் மறுபடி வந்தான். பக்கத்து சீட்டில் அவள், மடியில் குழந்தை. நான் சொன்னபடியே எல்லாம் செய்து இன்ஜினை அணைத்தான்.

“போட்டாச்சுண்ணே, பாத்துக்கோங்க,” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, ஏற்கெனவே இழுத்திருந்த ஹேண்ட்பிரேக்கை டிக்கென்று இன்னும் ஒரு பல் ஏற இழுத்துவிட்டுத்தான் இறங்கினாள்.