பத்தாவது கேள்வி

தப்ரீஸ் நகரத்துச் செருப்புப் பட்டறைகளில் செவிலின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. தோல் தைக்கும் இயந்திரத்தின் முன்னால் ஏழு வருடம் உட்கார்ந்தவள். கையைப் பிடித்த மேஸ்திரியைப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி நாறடித்தவள். அப்படிப்பட்டவளை, பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே வாயடைக்க வைத்துவிட்டாள் மாமியார் மாஹ்பாரா.

மாஹ்பாரா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் செவில் ஒரு கை பார்த்திருப்பாள். இவள் கடமை தவறாதவள், அதுதான் தொல்லை. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியாக விட்டால் ஆல் என்ற பேய் வந்து ஈரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் இரும்புக் கம்பியில் வெங்காயத்தைக் குத்தித் தலைமாட்டில் வைத்துவிட்டு, கட்டிலோரமே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கென்று கிண்டும் காச்சி என்ற நெய் வழியும் அல்வாவை ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே திட்டினாள்.

செவிலுக்குக் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோல் இருந்தது. காலையில் கண் விழிப்பதே தண்டனை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தன்னைத்தானே ஏதாவது செய்துகொண்டுவிடுவோம் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் மருத்துவச்சி ரூஹாங்கீஸ். தாய்மார்களின் மனம் எந்த மாத்திரையில் தேறுகிறது என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்காக, சிலருக்குத் துத்தநாகம், சிலருக்கு மெக்னீசியம், சிலருக்கு வெறும் மாவு என்று ஒரே மாதிரிக் குப்பிகளில் மாத்திரை கொடுத்திருந்தாள். யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. வாரம் ஒருமுறை போனில் பத்துக் கேள்வி கேட்பாள்.

"துத்தநாகமா? வாளிக்குப் பூசறதாச்சே அது! நீ என்ன வாளியாடி?" என்றாள் மாஹ்பாரா.

கேள்வி நேரத்திலும் அவள் நகரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட வைத்தாள்.

"சிரிக்க முடியுதா செவில்?"

"முடியுது."

"தூக்கம்?"

"நல்லா வருது."

மூன்று வாரமும் இதே பொய். மாத்திரை பிரமாதமாக வேலை செய்கிறது என்று அங்கே யாரோ சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள்.

முப்பத்துமூன்றாம் நாள் போன் வந்தபோது மாஹ்பாராவே பிடுங்கிக்கொண்டாள். "நல்லாருக்கா, எழுதிக்கோ. எங்க வீட்டு மருமக யாரும் அழுததில்ல. சாப்பிடுறா, சிரிக்கிறா, தூங்குறா. பத்தும் ஆச்சா?"

"பத்தாவதை அவங்கதான் சொல்லணும்மா. உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுச்சா?"

"நாக்கு அழுகிடும் உனக்கு! பச்சப்புள்ள இருக்கற வீட்டுல என்ன பேச்சு இது?"

செவில் எழுந்து அந்தக் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"தோணுச்சு. இன்னிக்கு மட்டும் ரெண்டு தடவ. முன்னாடி சொன்னதெல்லாம் பொய், அடிச்சுடுங்க. இந்தப் பொம்பள பக்கத்துல உக்காந்துக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா."

"பொம்பளையா? யாரைடி சொன்னே?"

"உங்களைத்தான்."

போனில் ரூஹாங்கீஸின் குரல் மாறிவிட்டது. "மாத்திரையை விடுங்க செவில். இப்பவே கிளம்பி வாங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். தனியா வராதீங்க."

"நாப்பது முடியாம வாசப்படி தாண்டுவாளா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று மாஹ்பாரா கத்தினாள். செவில் தலைத்துணியைக் கட்ட முயன்றாள், முடிச்சு நிற்கவில்லை. மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "கொழுப்பெடுத்தவளே, ரெண்டு தடவையாம் ரெண்டு தடவ! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றபடி மறுகையால் மருமகளின் முடிச்சை இழுத்துச் சரிசெய்தாள். செவில் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சுகாதார நிலையம் வரைக்கும் மாஹ்பாரா திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் மருத்துவச்சியின் அறைக் கதவு வந்ததும், யாரும் சொல்லாமலே குழந்தையோடு வெளியே நின்றுகொண்டாள்.