மூன்று முறை படித்தவர்

அச்சகத்தில் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். முப்பத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிற வேலை. வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போவார். கதை என்ன என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "கதையில மனசு போச்சுன்னா கண்ணு ஏமாத்திடும்" என்பார். கல்லுளிமங்கன் என்று திட்ட வீட்டில் ஆள் இல்லை. மனைவி பிரிந்து போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. மகளும் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

அந்த மகள் எழுதிய நாவலுக்குத்தான், இளையோருக்கான சிறந்த நாவல் என்று இப்போது பரிசு. அதையும் மூன்று முறை திருத்தி, 'அச்சுக்குப் போகலாம்' என்று கையெழுத்துப் போட்டவர் இவரே. பரிசு என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சந்தோஷம் மறுநாள் மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை.

முதலில் அச்சகத்தில் புத்தகம் தைக்கிற பைண்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. நானா இருந்தா அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போட்டிருப்பேன்."

எந்தப் பக்கம்? புள்ளி சார் திருதிருவென்று விழித்தார். அடுத்து அக்காவின் போன். "ஏன்டா, உன்னைப் பத்தி அப்படி எழுதியிருக்கா, நீயே உக்காந்து திருத்திக் குடுத்தியாமே? சூடு சொரணை கிடையாதா உனக்கு?"

"எப்படிக்கா எழுதியிருக்கா?"

"அதை என்னைக் கேக்கறியா!" போன் துண்டிக்கப்பட்டது.

சாயங்காலப் பேப்பரில் மகளின் பேட்டி வந்திருந்தது. 'அப்பா எல்லாவற்றையும் படித்தார். ஒரு வரியைக்கூட வெட்டச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய பரிசு.' இது பாராட்டா, குத்தலா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டை இல்லாமல் அந்த நாவலைப் பிரித்தார். சிவப்புப் பேனாவைத் தேடிய கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கதையில் பதின்மூன்று வயதுப் பெண். அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அப்பா காகிதக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நிமிராமல் வேலை பார்க்கிறார். ஆறாவது அத்தியாயத்தில் அந்தப் பெண் ஒரு கடிதம் எழுதி அவர் மேஜையில் வைக்கிறாள். 'அப்பா, இந்த வீட்டில் பயமாக இருக்கிறது. நான் அம்மாவிடம் போகட்டுமா?' காலையில் கடிதம் அவள் புத்தகப் பையின் மேல் கிடக்கிறது. ஏழு இடத்தில் சிவப்பு மை. வேறொன்றும் இல்லை.

 நானா? எப்போது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. செய்யவில்லை என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை. பாவி மனுஷன், பெற்ற பெண்ணின் கடிதத்தை வேலைக் கட்டோடு கட்டாகத் திருத்தித் தள்ளியிருக்கிறார்! பிறகு அதே கடிதத்தை நாவலில் மூன்று தரம் பார்த்தும் உறைக்கவில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் பெரிய மனசுக்காரர் என்ற பெயராவது மிஞ்சும். மகளும் சந்தோஷமாக இருப்பாள். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் கூப்பிட்டார்.

"அம்மாடி, நான் அதைப் படிக்கவே இல்லம்மா. தப்பு மட்டும்தான் பார்த்தேன். இன்னைக்குத்தான் படிச்சேன்."



"அப்போ நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு நான் நினைச்சது..."

"இல்லம்மா. எனக்கு எதுவும் தெரியாது." போனை மறு காதுக்கு மாற்றினார். "அவ்வளவு பயந்தியே, நீ ஏம்மா அம்மாகிட்ட போகலை?"

"நீங்க பதிலே சொல்லலையேப்பா. போன்னு சொல்வீங்களா, போகாதேன்னு சொல்வீங்களான்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

 முப்பது வயது மகள், தனக்கென்று வீடும் குடும்பமும் உள்ளவள், போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"போகாதேம்மா," என்றார்.