தப்பான கிழமைகளில் தலை முழுகியவள்

எங்கள் தறியிலிருந்து போன கல்யாணப் புடவை ஒன்றை முதலாளி தாமே கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. கூடத்தில் பாயை விரிக்கச் சொல்லி, அதன்மேல் புடவையைப் பரப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னாப்பா, பட்டா, மயிரா?"

நீளமான ஒரு தலைமுடி, இழையோடு இழையாக நெய்யப்பட்டிருந்தது.

"இழுத்தா கூடவே பட்டும் வருது. இது ஒண்ணுன்னாகூட உட்டுடலாம். மடிப்ப உதறினா வெள்ளையா கொட்டுது. கடைக்காரரு இன்னா கேட்டாரு தெரியுமா? உங்க ஆளு தறி நெய்யறானா, இல்ல மாவு மில்லுல வேல செய்யறானான்னு கேக்கறாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யார் பேசினாலும் நான் செய்வது அதுதான். அஞ்சாவதுக்கு மேல் படிக்காதவன், அதோடு பிறவியிலேயே கூச்சக்காரன்.

"அடுத்த பாவுக்குக் கரைக்கு வேற ஆளப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி காதிலும் அது விழுந்தது. அவள் கை தலைக்குப் போனது. பாதியிலேயே இறங்கிவிட்டது.

இது நடந்தது அறுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தில். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலான பாவு, முதலாளி கொடுப்பது. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். வரிக்கு வரி இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதனால் தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். நான் உடலுக்கு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரைக்குத் தள்ளுவாள். அவளுடைய அப்பா முசரவாக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்தவர். தறி என்ற ஒன்றைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் பார்த்தாள். "நாத்து நட்ட கை, நூலப் புடிக்குமா?" என்று எங்கள் தெருவில் பேசினார்கள். இரண்டே வருடத்தில் அவள் போடும் கோர்வையைப் பார்க்க மற்ற வீட்டுப் பெண்கள் வந்தார்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் ஒரு மேடு பள்ளம் தெரியாது. தறியில் இருந்த அந்த இடம் அவளாகச் சம்பாதித்தது. அது போகிறது என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

அவளுக்குப் பொடுகு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தூக்கத்தில் சொறிவாள். காலையில் நகக்கண்ணில் வெள்ளையாக இருக்கும். சீப்பில் சுருட்டி எடுக்கிற முடி நாளுக்கு நாள் பெரிய உருண்டையாகிக்கொண்டே வந்தது. வகிடு அகலமாகித் தலைத்தோல் தெரிய ஆரம்பித்தது. என் அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து எண்ணெய்தான். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், ஏரிக்கரையிலிருந்து பொடுதலைச் செடி பறித்து வந்து காய்ச்சிய எண்ணெய் என்று மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டாள். எண்ணெய் ஏற ஏறப் பொடுகு பிசுபிசுவென்று அப்பிக்கொண்டது. பட்டில் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் அந்தப் புடவை அதோடு போயிற்று. அதற்குப் பயந்து அவள் எண்ணெய்த் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தறியில் உட்காருவாள். உள்ளே வேர்த்து, அரிப்பு இன்னும் அதிகமாகும்.

முதலாளி வந்து போன அந்த வாரத்தில்தான் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கச்சாப் பட்டு நார்போல விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தால் பசையெல்லாம் போய், மெத்தென்று பளபளப்பாக வந்துவிடும்.

"பட்டுல ஒட்டிக்கினு இருக்கிற பசையே போவுது. இந்தப் பொடுகு போவாதா?" என்றாள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. தறிக்காரன் வீட்டில் அப்படித்தான் தோன்றும். பட்டு வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். முதல் நாள் தலை பளபளவென்று இருந்தது, எங்களுக்கெல்லாம் சந்தோஷம். மறுநாள் தலைத்தோல் சிவந்து எரிந்தது. அதற்கு அடுத்த நாள் சீப்பை வைத்த இடத்தில் முடி கொத்தாக வந்தது.

"உன்ன யாருடி அத ஊத்திக்கச் சொன்னது? தலை இன்னா நூலு சிட்டமா?" என்று அம்மா கத்தினாள்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பட்டுப்பூச்சி செத்துட்டுதான அத்தை கொதிக்குது? நான் உயிரோட இல்ல இருக்கறேன்? அதான் ஒத்துக்கல."

அம்மாவே சிரித்துவிட்டாள். தன் முட்டாள்தனத்தைத் தானே கிண்டல் செய்ய ஒரு தைரியம் வேண்டும். எனக்கு இன்றுவரை அது வரவில்லை.

கரைக்கு வேறு ஆள் வேண்டியிருந்ததால் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், வந்து உட்கார்ந்தார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் மூக்குப்பொடி போடுகிறவர். பொடியை இழுத்துவிட்டுத் தும்மினால் பாவே அதிரும். அவள் மூலையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே, "மாமா, எம் பொடிக்குப் பதிலா உம் பொடியா? முதலாளி நல்லா மாத்தினாரு" என்பாள். மாமாவும் சிரிப்பார். ஆனால் அவர் போடும் கோர்வையை எட்டிப் பார்க்கும்போது மட்டும் அவள் முகம் மாறிவிடும்.

ஒருநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்று, "ஆஸ்பத்திரிக்குப் போவணும், கூட வர்றீங்களா?" என்றாள்.

"பொடுகுக்கு யாராவது ஆஸ்பத்திரி போவாங்களாடி?" என்று அம்மா கேட்டாள். "திருத்தணிக்கு வேண்டிக்க. மொட்டை போட்டா தானா போயிடும்."

"மொட்டை போட்டா முடிதான் போவும் அத்தை. பொடுகு அங்கியேதான் இருக்கும்."

ஆஸ்பத்திரியில் நான் அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவளே எல்லாம் சொன்னாள், சோடாத் தண்ணீர் ஊற்றியதையும் மறைக்கவில்லை. டாக்டர் அவள் தலையை வெளிச்சத்தில் திருப்பி நிதானமாகப் பார்த்தார். பொடுகால் நேரே முடி கொட்டுவதைவிட, அரிப்புக்குச் சொறிந்து சொறிந்து வேர் நைந்து கொட்டுவதுதான் அதிகம் என்றார். சோடா அதை இன்னும் புண்ணாக்கியிருக்கிறது என்றார்.

"இது ஒரேயடியா போயிடற வியாதி இல்லம்மா. அடக்கி வெச்சிக்கணும். தலையில எண்ணெய ஊறவைக்கிறத நிறுத்து. புண்ணு ஆறினதும் இந்தக் களிம்பத் தடவு. ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளி. நகத்த மட்டும் வெக்காத. புண்ணு ஆறினா முடி கொஞ்சம் கொஞ்சமா வளரும்."

களிம்பில் கந்தக வாடை அடித்தது. அது பெரிய தொல்லையாக இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பதுதான் தொல்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் தலைக்குக் குளிப்பது செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளில் ஒருத்தி ஈரத்தலையோடு தெருவில் வந்தால், எங்கோ சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் திங்கட்கிழமை குளித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எதிர்வீட்டு அம்மா குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ, இன்னாடி ஆச்சு? யாரு வீட்ல?"

"யாரும் இல்லக்கா. பொடுகுக்கு."

புதன்கிழமையும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, கேலியும் ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் குழாயடியில் நாலைந்து பேர் இருக்கும்போது எதிர்வீட்டு அம்மா, "இன்னிக்கு யாருடி செத்தது?" என்றாள்.

"உன் மாமியாருன்னு சொன்னாங்கக்கா. அதான் ஓடிப்போய் முழுக்குப் போட்டுட்டு வந்தேன். உனக்கு இன்னும் யாரும் சொல்லலியா?"

குழாயடியே சிரித்தது. உள்ளே தறியில் இருந்த எனக்குக் கேட்டது. அந்த மாமியாரே வாசலில் உட்கார்ந்து சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அம்மாதான் சுலபத்தில் இறங்கி வரவில்லை. "கண்ட கிழமையில தலை முழுகாதடி, பொறந்த வீட்டுக்கு ஆவாது" என்று தினமும் சொன்னாள். அமாவாசை அன்று அவள் குளித்தபோது பொழுது சாயும்வரை பேசவே இல்லை. என் மனைவி எதிர்த்துச் சண்டை போடவில்லை. விட்டுக்கொடுக்கவும் இல்லை. "டாக்டருக்குக் கிழம தெரியாது அத்தை" என்று சொல்லிவிட்டுச் சீயக்காயைக் கரைத்துக்கொண்டு போய்விடுவாள்.

குளிப்பதைவிடக் கஷ்டம் சொறியாமல் இருப்பது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அரிப்பு வந்தால் உள்ளங்கையால் தலையை மெல்லத் தட்டுவாள். "தாளம் போட ஆரம்பிச்சிட்டா" என்பார் மாமா. கையில் வேலை இருந்தால் சொறியத் தோன்றவில்லை என்று கண்டுபிடித்தாள். அதனால் ராட்டையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். எனக்கு ஒரு வேளை சாப்பாடு பிந்தினாலே கோபம் வரும். இவள் மாதக்கணக்கில் தன் கையோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்கவும் வைத்தாள்.

புண் ஆறியது. பொடுகு அடங்கியது. சீப்பில் வரும் உருண்டை சுண்டைக்காய் அளவுக்கு வந்து நின்றது. வகிட்டின் ஓரத்தில் பூனைமுடிபோலக் கொஞ்சம் முளைத்தது. அகன்ற வகிடு முழுவதும் மூடிக்கொள்ளவில்லை.

மாமாவோடு நெய்த புடவையை ஒப்படைக்க நான் முதலாளி வீட்டுக்குக் கிளம்பியபோது, அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். புடவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

முதலாளி புடவையைப் பிரித்தார். கோர்வையில் விரலை ஓட்டினார். முகம் சுளித்தது. "மேடு தட்டுதேப்பா" என்றார். பிறகு ஒரு மடிப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா, மூக்குப்பொடி வாடை?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"முதலாளி, ஒரு அரக்குத் துணி இருந்தா குடுங்க" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு துண்டுப் பட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். துணியை மடியில் விரித்தாள். கொண்டையை அவிழ்த்து, இடுப்பில் செருகியிருந்த சீப்பை எடுத்து, தலையைக் குனிந்து சீவ ஆரம்பித்தாள். அடுத்த வீட்டு ஆம்பளை முன்னால் ஒரு பெண் தலையை விரிப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். எனக்குக் காது சூடாகிவிட்டது. முதலாளி கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் உத்தரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வாசல்படிவரை வந்து நின்றாள்.

இடப்பக்கம் சீவினாள், வலப்பக்கம் சீவினாள், பிடரியிலிருந்து முன்னால் இழுத்துச் சீவினாள். பிறகு துணியை இரண்டு கையாலும் தூக்கி முதலாளி முன்னால் நீட்டினாள்.

அரக்கில் வெள்ளை ஒரு புள்ளிகூட இல்லை. முடி மட்டும் இரண்டு கிடந்தது.

"ரெண்டு மயிரு விழுந்திருக்குதே" என்றார் முதலாளி, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ரெண்டு விழாத தலை எங்க இருக்குது? நீங்க உங்க தலவாணிய உதறிப் பாருங்க" என்றாள் அவர் மனைவி.

முதலாளிக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை. முதலில் சிரித்தவர் அவர்தான். "தறியில உக்காரும்போது?" என்று கேட்டார்.

"வெள்ளைத் துணி கட்டிக்குவேன். தளர்த்தியா. எழுந்திரிக்கும்போது உதறிப் பாத்துட்டுதான் எழுந்திரிப்பேன்."

அவர் உள்ளே போய் அடுத்த புடவைக்கான பாவு நூலைக் கொண்டு வந்தார். எப்போதும்போல என் பக்கம் நீட்டினார். அவள் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்து வந்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பொடவ கட்டற முகூர்த்தம் என்னிக்கு முதலாளி?" என்றாள்.