மருமகன் வாங்கித் தந்த டாகோ

எழுத்துப் பிழையும் கோணலும் நிறைய வரும், வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பால் கணக்கும் சலவைச் சீட்டும் தவிர நான் ஒன்றும் எழுதியதில்லை. மறதியும் இருக்கிறது. எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது.

மகள் வீட்டுக்கு, சவூதியில் தம்மாம் போயிருந்தேன். மூன்று மாத விசா. மருமகன்தான் எடுத்து அனுப்பியிருந்தார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைக்கமாட்டாள். அது மரியாதை. என் உம்மா சாகிற வரைக்கும் தன் மருமகனான என் மாப்பிள்ளை முன்னால் ஒரு மடக்கு டீ குடித்ததில்லை. மருமகனோ திருச்சிப் பக்கம். அங்கே மாமியாரும் மருமகனும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஊர்வம்பும் பேசுவார்களாம்.

ஊரில் இது ஒரு கஷ்டமாகவே இல்லை. வீட்டுக்குள் பெண்களுக்குத் தனிப் புழக்கம், தனி வாசல். அவர் முன்கட்டில் இருந்தால் நான் பின்கட்டில் இருப்பேன். தம்மாமில் ஒரு ஹால், ஒரு ரூம். அடுப்படிக்குக் கதவுகூடக் கிடையாது. அவர் டியூட்டிக்குப் போன பிறகு சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு அவர் படுத்துத் தூங்கினால்தான் எனக்குச் சோறு. தூங்காவிட்டால் இல்லை.

இதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஒருநாள் ரூமுக்குள் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"உங்கம்மாவுக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு தொண்டையில இறங்கல. நான் ஸ்டோர்ல மூட்டை எண்ணுறவன். ஆபீசர் மாப்பிள்ளையா இருந்தா இறங்கியிருக்கும்."

"அப்படியில்லங்க, அது எங்க ஊர் வழக்கம். கூச்சம்."

"பத்து வருஷமாவா கூச்சம்? கதை விடாத."

அந்த மனிதர் எனக்குச் செய்த மாதிரி நான் பெற்ற பிள்ளைகள் செய்ததில்லை. மக்காவுக்கு உம்ரா கூட்டிப்போனார். என் முட்டிவலிக்கு மருந்து தேடி எங்கெங்கோ அலைந்தார். அவரை நான் இளக்காரமாக நினைக்கிறேன் என்ற எண்ணம் அவர் மனதில் இருக்க, நான் விமானம் ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. வாய் இருந்தும் இல்லாதவள்.

ஊருக்குத் திரும்ப ஐந்தாறு நாள் இருக்கும்போது வந்த வெள்ளிக்கிழமை அது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர் தூங்கவில்லை, டி.வி. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காலையில் குடித்த டீயோடு கிடந்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரையும் கிளம்பச் சொன்னார்.

"மாமி ஊருக்குப் போறாங்க. வெளிய எங்கயாவது சாப்பிடுவோம்."

பேத்தி குதித்தாள். "அத்தா, டாகோ! டாகோ!"

பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு மெக்சிகோ கடை. அதிகம் விலையில்லை. அன்றைக்கு ஆறு வாங்கினால் மூன்று சும்மா என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள். முன்பக்கம் ஆண்கள் உட்காருவது. ஃபேமிலிக்கு மாடிப்படிக்குக் கீழே மரத்தடுப்பு வைத்து, திரை போட்ட அறைகள். அறை என்றால் நாலு பேர் உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். மகளும் பேத்தியும் ஓடிப்போய் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். மீதி இருந்தது மருமகனுக்கு எதிர் மூலை. அதில் என்னைத் திணித்தார்கள். மகளை முறைத்துப் பார்த்தேன். அவள் படம் போட்ட மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாகோ வந்தது. அப்பளத்தை மடித்துப் பொரித்த மாதிரி ஒன்று. உள்ளே கொத்துக்கறி, பச்சை இலை, தக்காளி, மேலே சீஸைத் துருவிப் போட்டிருந்தார்கள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சாப்பிடுகிற விதம் இருக்கிறதே! பேத்தி காட்டினாள். தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும், வாயை 'ஆ' என்று கிழிகிற அளவுக்குத் திறக்க வேண்டும், கறுக்கென்று கடிக்க வேண்டும். சோறு என்றால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து எப்படியோ ரெண்டு வாய் போட்டுக்கொள்ளலாம். இதை மறைத்துச் சாப்பிட வழியே கிடையாது. எவன் கண்டுபிடித்தானோ.

"சாப்பிடச் சொல்லு," என்று மருமகன் மகளிடம் சொன்னார்.

"சாப்பிடுங்கம்மா. அவங்க சொல்றாங்கல்ல?"

சரி, இன்றைக்கு வழக்கத்தை விட்டுவிடுவோம், அவருக்காக ஒரு வாய் என்று பிஸ்மி சொல்லி எடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, முக்காட்டுக்குள் கொண்டுபோய்க் கடித்தேன். எனக்குக் கீழ்வரிசையில் நாலு பல்தான். அது கடிபடவில்லை. அழுத்தினேன். படீரென்று உடைந்து கறியெல்லாம் மடியில் கொட்டியது. சிவப்புச் சாறு மேலே போட்டிருந்த புது அபாயா முழுக்க வழிந்தது. அதுவும் அவர் வாங்கித் தந்த அபாயா.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "உம்மம்மா, யூ கில்ட் இட்!"

"சும்மா இருடி," என்றாள் மகள், அவளும் சிரித்துக்கொண்டே.

மருமகன் சிரிக்கவில்லை. டிஷ்யூவை என் பக்கம் தள்ளினார். "விடச் சொல்லு. பிடிக்காததை ஏன் தின்னணும்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? அவரிடம் நேரே வாய் வரவில்லை. பேத்தியை இழுத்து, "உங்க அத்தாகிட்ட சொல்லும்மா, பிடிக்காம இல்ல, அவங்க முன்னால சாப்பிடுறது எங்க பக்கத்துல மரியாதையில்ல, அவங்களை நான் என் தலைக்கு மேல வச்சிருக்கேன்னு சொல்லு," என்று காதில் சொன்னேன். நான் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக யாரிடமும் சொல்லி அனுப்பியதில்லை.

அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒரு நிமிஷம் யோசித்தாள். "அத்தா, உம்மம்மா சேஸ்... இதை இங்க சாப்பிட்டா மரியாதை இல்லையாம்."

அவர் முகம் கறுத்துப்போனது. மகளைக் கிள்ளினேன். வாயில் அடைத்துக்கொண்டு, "வீட்டுல போய்ச் சொல்றேம்மா," என்றாள்.

அதற்குள் வெளியே, "சலா! சலா!" என்று கடைக்காரப் பையன்கள் சத்தம் போட்டார்கள். மக்ரிப் பாங்கு. அங்கே தொழுகை நேரம் என்றால் கடையைச் சாத்தியாக வேண்டும். உள்ளே இருக்கிற பெண்டு பிள்ளைகள் அப்படியே இருக்கலாம். மருமகன் விருட்டென்று எழுந்து, "பாய், ஏக் மினிட்," என்று ஷட்டருக்குக் கீழே குனிந்து பள்ளிக்குப் போய்விட்டார். ஷட்டர் இறங்கியது. பாதி விளக்கை அணைத்தார்கள்.

அவர் போன நிமிஷம் என் பசி என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டது. உண்மையை எழுதுகிறேன், வெட்கம்தான். தட்டில் கிடந்ததை நொறுக்கி, சாற்றை ஊற்றி, கறியோடு சேர்த்துக் கையால் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றேன். ஊறினதும் மெத்தென்று ஆகிவிட்டது. என்ன ருசி! என்னுடையது தீர்ந்ததும் மகள் தட்டில் கிடந்ததை எடுத்தேன். அதற்குப் பிறகு கை எந்தத் தட்டுக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. மகள் தொழுவதற்காகப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருந்தாள். நானும் அங்கே போய் ஒரு ஓரமாகத் தொழுதுவிட்டு வந்து, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

ஷட்டர் ஏறியது. மருமகன் வந்தார். காலியாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தார். தன் தட்டையும் பார்த்தார்.

"என்னோடது எங்க?"

பேத்தி, "உம்மம்மா ஏட் எவ்ரிதிங்!" என்று கத்தினாள்.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். புரிந்துவிட்டது, கடைசியாக மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் மெல்ல மகளிடம், "சாப்பாடு பிடிக்காம இல்ல. என் மூஞ்சிதான் பிடிக்கல. நான் போனாத்தான் இறங்குது," என்றார். பிறகு வெளியே போய் இன்னும் ஆறு டாகோ பார்சல் சொன்னார். மகளிடம் கொடுத்து, "மாமிக்கு. நான் இல்லாதப்ப சாப்பிடட்டும்," என்றார்.

அது கோபமா, கரிசனமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் டியூட்டிக்குப் போன பிறகு சாப்பிட்டேன். நமத்துப்போய், என் நாலு பல்லுக்குத் தோதாக இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது, எரிச்சலில். மகளிடம், "அவங்ககிட்ட சொன்னியா?" என்று தினமும் கேட்டேன். "சொல்றேன், சொல்றேன், நீங்க வேற," என்றாள். ஏர்போர்ட்டில் அவர்தான் என் பெட்டியைத் தூக்கி வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியே ஏறி வந்துவிட்டேன்.

மகளை நம்பிப் பிரயோஜனமில்லை. பேத்தி சொன்ன லட்சணம் தெரிந்ததுதான். அதனால்தான் இந்தக் கோணல் எழுத்து. வாயால் வராதது கையாலாவது வரட்டும். நான் எழுதினதில் தப்பு நிறைய இருக்கும். கறி மாடா, கோழியா என்பதே எனக்குச் சந்தேகம். பார்சல் ஆறா, நாலா என்பதும் தெரியாது. அவர் தட்டிலிருந்து நான் எடுத்துத் தின்றது எத்தனை என்று அவருக்குத்தான் தெரியும். ஆகையால் இதை வேறு யாரிடமும் கொடுக்காமல் என் மருமகனிடமே கொடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்துச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்.