அடுப்புக்கும் பொட்டு வைத்திருந்தது

போன வருடம் ஆயுதபூஜை அன்று மதியம் என் லேப்டாப் சாமி படங்களுக்கு முன்னால் ஈர வாழையிலையின் மேல் கிடந்தது. திரையின் நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். மடக்கும் இடத்தில் கதம்பச் சரம். பக்கத்திலே அரிவாளும் சுத்தியலும் ஸ்பானரும். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

அது மடக்கு லேப்டாப். திரையை முழுக்கப் பின்னால் திருப்பினால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். கூட வந்த பேனாவால் திரையின் மேலேயே வரையலாம். அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாகத் தொட்டால் மெலியும். மகள் பிறப்பதற்கு முன்னால் மதுரையில் டிசைன் வேலை பார்த்தபோது நானே வாங்கியது. ராஜபாளையத்தில், என் கணவர் வீட்டில், அதற்குப் பெயர் பாப்பா டிவி. கூடாரம் போலக் கவிழ்த்து நிறுத்திப் பாட்டுப் போட்டால் பாப்பா வாயைத் திறப்பாள், அத்தை இரண்டு வாய் ஊட்டிவிடுவார். அத்தை என்றால் என் மாமியார். முதலில் அப்படிப் போட்டுக் கொடுத்தது நான்தான். பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று நினைத்தேன். அதனால் பெயர் வைத்தவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை.

பிள்ளை பிறந்து இரண்டு வருடம் கழித்து எனக்கென்று வந்த முதல் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்குத் தீபாவளிப் பெட்டி. கடைக்கார அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்.

“இந்த ஊர்ல எல்லாப் பெட்டியிலயும் கோபுரம் இருக்கும்மா. ஒருத்தனும் எண்ணிப் போடலை. ஒண்ணுல ஒம்போது நிலை, ஒண்ணுல ஏழு. எனக்குப் பதினொண்ணும் வரணும். இது நல்லா வந்துச்சுன்னா பொங்கலுக்கும் நீதான், வருசம் பூரா நீதான்.”

போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், கோபுரத்துக்கு எதிரே லேப்டாப்பைச் சிலேட்டாக மடக்கி இடது கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே வரைந்தேன். பூ விற்கிற அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, கணக்கெடுக்க வந்திருக்கியா? எம்பேரையும் எழுதிக்கோ. போன தடவ விட்டுட்டாவ.”

“இல்லக்கா, கோபுரம் வரையுதேன்.”

“அதான் எல்லாரும் போன்ல எடுத்துட்டுப் போறாவளே. நீ எதுக்கு வெயில்ல கெடந்து வேகுத?”

சிரித்துவிட்டு அடுத்த நிலையை வரைந்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

பெட்டியை அச்சடிப்பது சிவகாசியில். தீபாவளி நெருக்கத்தில் அங்கே இடம் கிடைப்பதே பெரிது. ஆயுதபூஜை அன்று காலையில் பிரஸ்காரர் போன் செய்தார்: “நாலு மணிக்குள்ள ஃபைல் வந்திரணும்மா. பூசணிக்கா ஒடைச்சுட்டோம்னா ரெண்டு நாளைக்கு மெஷினத் தொட மாட்டோம். பொறவு உங்க எடத்துல வேற ஆள் ஏறிருவாவ.” அண்ணாச்சி சொன்ன சின்னத் திருத்தங்கள் மட்டும் பாக்கி. அரை மணி நேர வேலை. வடைக்கு உளுந்து ஆட்டிக் கொடுத்தேன், சாமான்களைத் துலக்கினேன், பாப்பாவுக்கு ஊட்டி மாடியில் தூங்கவைத்தேன். இறங்கி வந்தபோது மணி இரண்டே கால். மேஜையில் லேப்டாப் இல்லை.

என் கணவருக்கு நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு வேலை. மில்லில் வருடா வருடம் எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் பூசி, மாலை போடுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தில், மூன்று விரலால் அழுத்தமாக இழுத்து, பேனாவுக்கும் விடாமல் பூசியிருந்தார். அடியில் இருந்த கீபோர்டு தண்ணீர் தெளித்த இலையில் பதிந்திருந்தது.

“என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு? ஒந் தொழில் கருவின்னு நானா நெனச்சு வச்சேன். போன வருசம் வைக்கலைன்னு நீதானே மூஞ்சியத் தூக்குன?”

அது உண்மை. தூக்கியிருந்தேன்.

நான் கை நீட்டியதும் அத்தை பதறினார். “படையல்ல வச்சத நாளைக்கு மறுபூசை ஆகாம எடுக்கக் கூடாது தாயி. புள்ள இருக்க வீடு.”

“நாலு மணிக்கு வேல முடிச்சு அனுப்பணும் அத்த.”

“இன்னைக்கு எந்த மெஷினும் ஓடாதுட்டி,” என்றார் என் கணவர். “எங்க மில்லே நிக்குது. ஒரு நா நீயும் சும்மா இரேன்.”

சும்மா இரேன். காலை ஐந்தரையிலிருந்து நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கிரைண்டர் கண்ணில் பட்டது. அதன் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்த பிறகுதான் அதில் உளுந்து ஆட்டினேன். மிக்ஸிக்குப் பொட்டு. அடுப்புக்குப் பொட்டு, அதன் மேல் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

“அடுப்புக்கும்தான் பொட்டு வச்சிருக்கு. அத யாராச்சும் அணைச்சீங்களா?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “கிரைண்டருக்கு லீவு விட்டீங்களா? வடை வேணும்னா மெஷின் ஓடலாம். நான் வரையணும்னா மட்டும் சாமி குத்தமா? இத்தன நாளு டிவின்னு சொன்னீங்க. வேல வந்த அன்னைக்குத்தான் இது தொழில் கருவின்னு தெரிஞ்சுதா?”

சரத்தை உருவிப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பேனாவின் முனையில் சந்தனம் இறுகி, எப்படித் தொட்டாலும் ஒரே தடிமனாகக் கோடு விழுந்தது. துடைத்த ஈரத்தில் திரை தானாகவே அங்குமிங்கும் தொட்டுக்கொண்டது. கீபோர்டில் இரண்டு எழுத்து எழவில்லை. விரலாலேயே திருத்தங்களைச் செய்து முடித்து, அனுப்பப் போகும்போது வழக்கமான சந்தேகம் வந்தது. எதையும் மூன்று தடவை பார்க்கிற புத்தி எனக்கு. வீட்டில் அதற்காகக் கேலி உண்டு. நிலைகளை எண்ணினேன். பத்து. மறுபடியும் பத்து. திரை தானாகத் தொட்டுக்கொண்டதில் ஒரு நிலை அழிந்து, மேல் நிலைகள் இறங்கி உட்கார்ந்திருந்தன. ‘அன்டூ’ அழுத்திப் படிப்படியாகப் பின்னால் போய் அதை மீட்டேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் போனது.

மறுநாள் காலை பாப்பாவுக்குக் காய்ச்சல். அத்தை திருநீறு பூசிவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். டாக்டர் சளி என்றார். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே சளி. ஆனால் ஆட்டோவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போன அந்தப் பத்து நிமிடமும் நான் நம்பினேன். என்னால்தான் என்று நம்பினேன். படித்தவள், நம்பினேன். மற்ற எதையும்விட அதற்காகத்தான் அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மேலும்.

பெட்டி வந்தது. அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே எண்ணிப் பார்த்து, “பதினொண்ணு!” என்று கத்தினார். பொங்கலுக்கும் நான்தான். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மில் பிரஷ்ஷால் கீபோர்டைச் சுத்தம் செய்தார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. மடக்கும் இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு இன்னும் இருக்கிறது.

இந்த வருடம் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் என் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“ஒன் லேப்டாப்ப வைக்கணுமா, வேண்டாமா? முன்னாடியே சொல்லிரு.”

“வைக்கலாம். நீங்க அடுப்ப அணைச்சிட்டு வந்து சொல்லுங்க, நானே கொண்டாந்து வைக்கேன்.”

அவர் அடுப்பையும் என்னையும் பார்த்தார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: “அணைச்சா மத்தியானச் சோத்துக்கு எங்கல போவ?”

அது அவர் மகனுக்குச் சொன்னது. எனக்கில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடர்ந்தேன்.