சொந்தக்காரர் இல்லாத தீவு

பிள்ளைகளே, நேற்று லீவுக்குப் போவது அந்தமானா, லட்சத்தீவா, கோவாவா என்று போனைப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டை போட்டீர்கள். எந்தக் கடல் நீலம், எந்த மணல் வெள்ளை என்று ஒரே கூச்சல். எனக்கு உங்கள் மாமி ஞாபகம் வந்துவிட்டது. மாமி, அதாவது என் அக்கா, என் லாத்தா, தீவு தேடியபோது நிறத்தையெல்லாம் பார்க்கவில்லை.

அவளும் மச்சானும் தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்தார்கள். லீவு என்றால் கடையநல்லூர்தான். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் "பம்பாய் பிரியாணி வச்சுக் குடு" என்று லாத்தாவை அடுப்படியில் நிறுத்திவிடுவார்கள். மகள் கல்யாணம் முடிந்த வருஷம் மச்சான் கேட்டார், "ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"கடல் பாக்கணும். தீவுன்னா ரொம்ப நல்லது. ஆனா அங்க நம்ம சொந்தக்காரவுக ஒருத்தரும் இருக்கப்படாது."

சொந்தம் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கினால், சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். வீட்டில் தங்கினால் மறுபடி பிரியாணி.

போனில் தேடிக் கொடுப்பது என் வேலை. "அந்தமான்?" என்றேன். "எங்க சின்னம்மா மவன் அங்கதான கடை வச்சிருக்கான்!" என்று மச்சான் சந்தோஷப்பட்டார். மாலத்தீவில் பெரியப்பா பேரன் சமையல்காரர். லட்சத்தீவுக்குக் கப்பல் ஏறக் கொச்சி போனால் அங்கே ஒரு மருமகன்.

"ஒங்க குடும்பம் என்ன கடல்பாசியா? கரையெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்றாள் லாத்தா.

கடைசியில் மகாராஷ்டிராவின் கொங்கண் கரையில், மால்வண் பக்கம் ஒரு கடற்கரை அகப்பட்டது. எதிரே கோட்டையோடு ஒரு தீவு. மச்சான் யோசித்து யோசித்துப் பார்த்தார், யாருமில்லை. முகம் வாடிவிட்டது. பம்பாயில், சயானில் ரயில் ஏறித் தமிழ்க் குரல் கேட்டால், அடுத்த ஸ்டேஷன் குர்லா வருவதற்குள் உறவுமுறை கண்டுபிடிக்கிற மனுஷர் அவர்.

போன அன்றே மணலில் ஒரு தோசை வண்டி. லாத்தா பேசியதைக் கேட்டு வண்டிக்காரர், "அண்ணாச்சி, எந்த ஊரு? நம்ம பக்கத்துப் பேச்சாட்டம் இருக்கு! இன்னைக்கு நம்ம வீட்டுலதான் சாப்பாடு" என்றாராம்.

மச்சான் ஊர்ப் பேரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். லாத்தா அலையில் கால் வைத்தபடி அப்படியே நின்றாள். அவர் அவளை ஒரு முறை பார்த்தார்.

"ஹம் பம்பாய் கே ஹை, பாய். தமிள் நை மாலூம்." பம்பாய்க்காரர்களாம், தமிழே தெரியாதாம்!

லாத்தா ஒரு படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தாளாம். திரும்புகிறவரை மச்சான் அந்த வண்டியைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாராம். "அவுக வாங்கித் தந்த நகையெல்லாம் ஒரு பக்கம், அந்தப் பொய் ஒரு பக்கம்" என்று இன்றைக்கும் சொல்வாள்.

இன்று காலை நீங்கள் அந்தமான் என்று முடிவு செய்து குதித்தீர்கள். உங்கள் உம்மா, "அங்க யார் வீட்டுல தங்கப் போறோம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு போனை எடுத்தேன். 'குடும்பத்தோட வர்றோம்' என்று அந்தமானில், போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கும் மச்சானின் சின்னம்மா மகனுக்கு எழுதி, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.